தன் ஒற்றனைத் தானே எடைபோடுதல்: இரண்டாம் உலகப் போரில் இரு ஏமாற்றுகள்

1944 ஏப்ரல் 1 அன்று, லண்டன் பேக்கர் தெருவில் இயங்கிவந்த எஸ்.ஓ.இ. என்னும் பிரிட்டிஷ் இரகசிய அமைப்புக்கு நெதர்லாந்திலிருந்து ஒரு வயர்லெஸ் செய்தி வந்தது. சங்கேதம் எதுவும் இல்லாத வெளிப்படையான ஆங்கிலம். அமைப்பின் டச்சுப் பிரிவுத் தலைவர்களாக இருந்த இருவரை ஒரு வணிக நிறுவனத்தின் பங்காளிகள்போல விளித்தது அது. ஒருவருடைய புனைபெயர்கூடச் சரியாக இருந்தது. நெதர்லாந்தில் உங்கள் ஒரே முகவர்களாக நாங்கள் இவ்வளவு காலம் இருந்திருக்க, இப்போது எங்களை விட்டுவிட்டு வணிகம் செய்யப் பார்க்கிறீர்களே என்று வருந்தியது. இனி நீங்கள் பெரிய அளவில் கண்டத்துக்கு வந்தாலும், முன்பு உங்கள் தூதர்களுக்குக் காட்டிய அதே கவனத்தோடு வரவேற்போம் என்று முடித்தது. அனுப்பியவர் ஜெர்மன் இராணுவ உளவுத்துறையான அப்வேரின் அதிகாரி ஹெர்மன் கிஸ்கஸ். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் லண்டன் நெதர்லாந்துக்குள் இறக்கிய ஆட்களையும் ஆயுதங்களையும் நேரே தன் கையில் வாங்கிக்கொண்டவர்.

இதே காலத்தில் இதே லண்டனில், சில மைல் தொலைவில், பிரிட்டிஷ் உள்நாட்டு உளவுத்துறையான எம்.ஐ.5 இதன் மறுபக்கத்தைச் செய்துகொண்டிருந்தது. அப்வேர் பிரிட்டனுக்குள் அனுப்பிய ஒற்றர்களைப் பிடித்து, மனம் மாற்றி, அவர்கள் வழியாகவே பெர்லினுக்குப் பொய்களை ஊட்டியது. ஏப்ரலில் கிஸ்கஸின் கேலியை வாங்கிக்கொண்ட நகரம், ஜூனில் நார்மண்டித் தரையிறக்கத்தை மறைக்கும் பெரும் ஏமாற்றை வெற்றியாக முடித்தது. ஏமாற்றியவர்களும் ஏமாந்தவர்களும் இரு தரப்பிலும் இருந்தார்கள்; ஜெர்மன் தரப்பில் ஒரே அமைப்புக்குள், பிரிட்டிஷ் தரப்பில் ஒரே நகரத்துக்குள்.

போர்க்கால உளவு வரலாற்றில் இந்த இரண்டு கதைகளும் தனித்தனியே பலமுறை சொல்லப்பட்டவை. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது: அறிவும் அனுபவமும் உள்ள ஓர் உளவுத்துறை, தன் ஒற்றன் எதிரியின் கையில் இருக்கிறான் என்பதற்கான தடயங்கள் கண்முன் கிடக்கும்போது ஏன் அவற்றைப் பார்ப்பதில்லை?

பழகிய விளக்கங்கள்

இதற்கு மூன்று பதில்கள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது, ஏமாற்றுபவரின் மேதைமை. இதை நிலைநிறுத்தியதில் ஆக்ஸ்ஃபோர்டு வரலாற்றாசிரியர் ஜான் மாஸ்டர்மனின் பங்கு பெரிது. 1941 ஜனவரி முதல், இரட்டை ஒற்றர்கள் எதிரிக்கு என்ன சொல்லலாம் என்று முடிவுசெய்த குழுவின் தலைவர் அவர். போர் முடிந்ததும் 1945இல் எழுதிய உள்ளக அறிக்கை 1972இல் நூலாக வெளியானது. பிரிட்டனுக்குள் இருந்த ஜெர்மன் உளவு அமைப்பு முழுவதையும் நடத்தியதே நாங்கள்தான் என்பது அதன் மையக் கூற்று. பின்னர் திறக்கப்பட்ட ஆவணங்கள் அதைப் பெரும்பாலும் உறுதி செய்தன. ஆனால் தன் வெற்றியைத் தானே எழுதும் எவரையும்போல, எதிராளியின் அறைக்குள் என்ன நடந்தது என்பதில் மாஸ்டர்மனுக்கு அக்கறை குறைவு. கிஸ்கஸ் போருக்குப் பின் எழுதிய நினைவுக்குறிப்புகளும் அந்த வகைதான். இருவரும் தத்தம் திறமைக்குச் சாட்சி சொல்கிறார்கள். ஏமாந்தவர் வெறும் மேடைப் பொருளாகிவிடுகிறார்.

இரண்டாவது பதில் மடமை. அப்வேர் ஊழலும் சோம்பலும் நிறைந்த அமைப்பு, எஸ்.ஓ.இ. அனுபவமற்றவர்களின் கூடாரம் என்பது. உண்மை இதில் நிறையவே இருக்கிறது. ஆனாலும் டச்சு வலையமைப்பை அவ்வளவு நுட்பமாகப் பிடித்து நடத்திய அப்வேர்தான் மாட்ரிட்டில் எம்.ஐ.5இன் இரட்டை ஒற்றனைக் கண்மூடி நம்பியது. மடமை என்றால் ஒரே அமைப்புக்கு ஓர் ஊரில் அறிவும் மற்றோர் ஊரில் மடமையும் எப்படி வாய்த்தன?

மூன்றாவது, சதி. ஏமாந்தவர் உண்மையில் ஏமாறவில்லை, தெரிந்தே நடித்தார் என்ற வாதம். இதைப் பின்னர் தனியே பார்க்கலாம்.

என் பதில் வேறு. ஒற்றனை நடத்துபவரே அவன் நம்பகமானவனா என்று தீர்ப்பளிப்பவராகவும் இருந்த இடங்களில்தான் இந்த இரு ஏமாற்றுகளும் வேர்விட்டன. ஒற்றன் பொய் என்றால் தன் பதவியும் திட்டமும் சேர்ந்து பொய்யாகும் நிலையில் இருப்பவரிடம், அவன் பொய்யா என்று கேட்டால் கிடைக்கும் பதில் முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது.

ஹேக் நகரில் விடுபட்ட பிழைகள்

1941 நவம்பரில் ஹூப் லௌவர்ஸ், தெய்ஸ் டக்கோனிஸ் என்ற இரு டச்சு இளைஞர்கள் பாராசூட்டில் நெதர்லாந்தில் இறங்கினார்கள். லௌவர்ஸ் வயர்லெஸ் இயக்குபவர். ரிடர்ஹோஃப் என்ற உளவாளி அவர்களுடைய வட்டத்துக்குள் நுழைந்து கிஸ்கஸுக்குச் செய்தி கடத்தினான். 1942 மார்ச் 6 அன்று லௌவர்ஸ் ஹேக் நகரில் வயர்லெஸ் கருவியோடும் சங்கேதச் செய்திகளோடும் பிடிபட்டார்.

எஸ்.ஓ.இ. இதை எதிர்பார்த்தே ஓர் ஏற்பாடு செய்திருந்தது. ஒவ்வொரு வயர்லெஸ்காரரும் தன் செய்தியில் குறித்த இடத்தில் வேண்டுமென்றே ஓர் எழுத்துப் பிழை செய்ய வேண்டும். பிழை இருந்தால் அவர் சுதந்திரமாக இருக்கிறார். இல்லாவிட்டால் எதிரியின் பிடியில் இருக்கிறார். லௌவர்ஸுக்கு விதிக்கப்பட்டது ஒவ்வொரு பதினாறாவது எழுத்திலும் பிழை. ஜெர்மானியர்கள் கைப்பற்றிய செய்திகளில் அந்த இடம் தற்செயலாக வாக்கிய முடிவைக் குறிக்கும் சொல்லில் வந்திருந்தது. ஆகவே அந்தச் சொல்லைத் திரித்து எழுதுவதுதான் தன் அடையாளம் என்று விசாரித்தவர்களை நம்பவைத்தார். உண்மையான அடையாளத்தை விட்டுவிட்டு, கிஸ்கஸ் சொன்னதை அனுப்பினார். லண்டன் புரிந்துகொள்ளும் என்பது அவர் கணக்கு.

லண்டன் வழக்கம்போல் பதில் அனுப்பியது. அடுத்த ஆள் வருகிறார், வரவேற்க ஏற்பாடு செய்யுங்கள் என்றது. அந்த மாத இறுதியில் இறங்கிய ஆர்னால்ட் பாட்சனை வரவேற்றவர்கள் கிஸ்கஸின் ஆட்கள். பின்னர் லௌவர்ஸ் மேலும் துணிந்தார். சங்கேதத்தின் பொருளற்ற நிரப்பெழுத்துகளுக்கு இடையே, தான் பிடிபட்டதைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லையே துண்டு துண்டாக நுழைத்தார். அதையும் எவரும் படிக்கவில்லை.

இங்கே டச்சுப் பிரிவுக்காகச் சொல்லக்கூடிய வாதம் ஒன்று உண்டு. அதைக் கேலியோடு ஒதுக்குவது நேர்மையாகாது. பாதுகாப்பு அடையாளம் அவ்வளவு உறுதியான சாட்சி அல்ல. குளிரிலும் அச்சத்திலும் மோசமான அலைவரிசையிலும் வேலை செய்த உண்மையான ஆட்கள் பலர் அதை அடிக்கடி மறந்தார்கள். செய்திகள் சிதைந்து வந்து சேரும்; விடுபட்டது அடையாளமா, வெறும் இரைச்சலா என்று சொல்ல முடியாது. அடையாளம் இல்லாத ஒவ்வொரு செய்தியையும் எதிரியுடையது என்று கொண்டால், உயிரோடு இருக்கும் பலரைக் கைவிட நேரும். ஒரு மாதத்துக்கு இந்த வாதம் தாங்கும். ஓர் ஆண்டுக்குத் தாங்காது. அந்த ஓர் ஆண்டில் வேறு தடயங்களும் குவிந்தன.

அவற்றில் முக்கியமானதைக் கவனித்தவர் டச்சுப் பிரிவைச் சேர்ந்தவர் அல்லர். எஸ்.ஓ.இ.யின் சங்கேதத் துறையை நடத்திய லியோ மார்க்ஸ், அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். எல்லா நாடுகளிலிருந்தும் பிழை மலிந்த, அவிழ்க்கவே முடியாத செய்திகள் வந்துகொண்டிருக்க, நெதர்லாந்திலிருந்து வருபவை மட்டும் ஏன் இத்தனை சுத்தமாக இருக்கின்றன என்பது அவருக்கு எழுந்த ஐயம். அவசரமும் அச்சமும் இன்றி, மேசையில் உட்கார்ந்து, மேற்பார்வையோடு எழுதினால்தான் அப்படி வரும். செய்தி முடிவில் ஜெர்மன் வயர்லெஸ்காரர்கள் தங்களுக்குள் வணக்கமாக இடும் இரண்டு எழுத்துகளை லண்டனிலிருந்து அனுப்பச் செய்ததாகவும், மறுமுனை யோசிக்காமல் அதையே திருப்பி அனுப்பியதாகவும் 1998இல் வெளியான நினைவுநூலில் மார்க்ஸ் எழுதுகிறார். அரை நூற்றாண்டு கழித்து, தேர்ந்த கதைசொல்லி ஒருவர் எழுதியது. ஒவ்வொரு காட்சியையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அதற்காகப் பிழையற்ற செய்திகள் பற்றிய தர்க்கம் வலுவிழந்துவிடாது. சங்கேதப் பெட்டியைத் தவிர வேறெதையும் காக்க வேண்டிய கட்டாயம் மார்க்ஸுக்கு இல்லை. டச்சுப் பிரிவுக்கு இருந்தது.

நெதர்லாந்தில் ஓர் இரகசியப் படையையே கட்டி எழுப்பும் திட்டம் மேலிடத்தில் ஒப்புதல் பெற்றிருந்தது. 1942 ஜூனில் அதன் பொறுப்பாளராக அனுப்பப்பட்ட ஜார்ஜ் யாம்ப்ரூஸ் நேராக ஜெர்மானியர்களிடம் இறங்கினார். அதன்பின் அந்தப் படை கிஸ்கஸின் எழுதுகோலில் வளர்ந்தது. அவர் தாளோடு நிற்கவில்லை. கோட்விக் வானொலிக் கோபுரங்களைத் தாக்கும்படி லண்டன் கேட்டபோது, தாக்குதல் நடந்து கண்ணிவெடிகளால் தோற்றதாகச் செய்தி அனுப்பி, அதற்கொத்த பத்திரிகைக் குறிப்பையும் வெளிவரச் செய்தார். ராட்டர்டாமில் பழைய விமான உதிரிகள் ஏற்றிய படகொன்றைப் பட்டப்பகலில் மக்கள் பார்க்க வெடிக்கவைத்தார். ஆனால் ஆள் யாரையாவது திருப்பி அனுப்புங்கள், நேரில் பேச வேண்டும் என்று லண்டன் கேட்ட ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு தடை வந்தது. ஓராண்டுக்கும் மேலாக ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை.

பிறகு இருவர் வந்தார்கள். பீட்டர் டூர்லைனும் பென் உபிங்க்கும் 1943 ஆகஸ்ட் இறுதியில் ஹாரன் சிறையிலிருந்து தப்பி, நவம்பரில் சுவிட்சர்லாந்தை அடைந்து உண்மையைச் சொன்னார்கள். கிஸ்கஸ் அதற்குள் முந்திக்கொண்டார். தப்பியவர்கள் கெஸ்டபோவுக்கு விலைபோனவர்கள் என்று, லண்டன் இன்னும் நம்பிக்கொண்டிருந்த வயர்லெஸ் இணைப்பு ஒன்றின் மூலமே எச்சரிக்கை அனுப்பினார். விளைவாக, இங்கிலாந்து வந்து சேர்ந்த இருவரும் சிறிது காலம் காவலில் வைக்கப்பட்டார்கள். இந்தக் கதை முழுவதிலும் என்னை அதிகம் உலுக்குவது இந்த இடம்தான். ரத்தமும் சதையுமாக எதிரே நிற்கும் சாட்சியைவிட, தன் கோப்பில் ஏற்கெனவே இடம்பெற்ற சாட்சி அலுவலகத்துக்கு நெருக்கமாகத் தெரிந்தது.

ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இவ்வாறு பிடிபட்டார்கள். ஒத்துழைத்தால் உயிர் காக்கப்படும் என்று கிஸ்கஸ் தன் தரப்பில் வாங்கித் தந்த உறுதிமொழியை நாஜிப் பாதுகாப்புப் போலீஸ் காற்றில் விட்டது. பெரும்பாலோர் 1944 செப்டம்பரில் மௌட்ஹவுசன் வதைமுகாமில் கொல்லப்பட்டார்கள். ஆட்களையும் சரக்கையும் கொண்டுசென்ற வேளையில் ஏறத்தாழ பன்னிரண்டு விமானங்களும் விமானிகளோடு அழிந்தன.

நெதர்லாந்து மட்டும் அல்ல. பாரிஸில் 1943 ஜூனில் பிடிபட்ட எஸ்.ஓ.இ. வயர்லெஸ்காரர் கில்பர்ட் நார்மனின் பெயரில் அடையாளம் இல்லாத செய்தி வந்தபோது, இரண்டாவது பாதுகாப்பு அடையாளத்தை மறந்துவிட்டீர்கள், கவனமாக இருங்கள் என்று லண்டன் கண்டித்தது. இரண்டாவது அடையாளம் ஒன்று உண்டு என்பதே ஜெர்மானியர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதே வலையமைப்பைச் சேர்ந்த, திப்பு சுல்தான் வழிவந்த நூர் இனாயத் கான் அக்டோபரில் பிடிபட்ட பிறகும் அவருடைய கருவி ஜெர்மன் கையில் பேசிக்கொண்டிருந்தது. அதை நம்பிப் பிரான்ஸில் இறங்கியவர்கள் நேரே சிறைக்குப் போனார்கள். நூர் 1944 செப்டம்பரில் டாஹௌ முகாமில் கொல்லப்பட்டார்.

மாட்ரிட் அலுவலகத்தின் பெருமை

இப்போது மறுகரை. பார்சிலோனாவில் பிறந்த ஹுவான் புஜோல் கார்சியா பிரிட்டிஷாருக்கு உளவு பார்க்க முன்வந்து, மறுக்கப்பட்டு, பிறகு ஜெர்மானியர்களிடம் சேர்ந்து இரட்டை ஒற்றனாக முடிவெடுத்தவர். இங்கிலாந்தில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு லிஸ்பனில் உட்கார்ந்து, வழிகாட்டி நூலையும் வரைபடத்தையும் வைத்து அறிக்கைகள் புனைந்தார். கிளாஸ்கோவில் ஒரு லிட்டர் ஒயினுக்காக எதையும் செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவர் எழுதிய வரி பிரசித்தம். ஸ்காட்லாந்துத் தொழிலாளி எதைக் குடிப்பான் என்று தெரிந்த ஒருவர் மாட்ரிட் அலுவலகத்தில் இருந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

1942 ஏப்ரலில் அவர் லண்டன் வந்தார். எம்.ஐ.5 அவருக்கு கார்போ என்று பெயரிட்டு, ஸ்பானிஷ் தாய்க்குப் பிறந்த ஓவிய வணிகர் டோமாஸ் ஹாரிஸிடம் ஒப்படைத்தது. இருவரும் சேர்ந்து இருபத்தேழு துணை ஒற்றர்களைக் கற்பனையில் படைத்தார்கள். துறைமுகத்தில் படை திரள்வதை அறிவிக்காமல் இருக்க ஒருவரை நோய்வாய்ப்படுத்திக் கொன்றார்கள். லிவர்பூல் நாளிதழில் இரங்கல் அறிவிப்பு வந்தது. இல்லாத அவருடைய விதவைக்கு ஜெர்மானியர்கள் உதவித்தொகை கொடுத்தார்கள். 1942 நவம்பரில் வட ஆப்பிரிக்கத் தரையிறக்கம் பற்றி உண்மையான தகவலைக் கடிதத்தில் எழுதி, முன்தேதி முத்திரையோடு, நிகழ்வுக்குப் பிறகே போய்ச்சேருமாறு அனுப்பினார்கள். தாமதத்துக்கு அஞ்சல் துறை பழி சுமந்தது. ஒற்றனின் மதிப்பு ஏறியது.

மாட்ரிட்டில் அவரை நடத்தியவர் கார்ல் எரிக் க்யூலன்தால். அவருடைய நிலையைக் கவனிக்க வேண்டும். குடும்பத்தில் யூத இரத்தம் கலந்திருந்ததால் நாஜிச் சட்டங்களின் கீழ் பாதுகாப்பற்றவர். அப்வேர் தலைவர் கனாரிஸின் ஆதரவும், ஸ்பெயினில் தான் இன்றியமையாதவர் என்ற பெயரும்தான் அவருக்குக் கவசம். அந்தப் பெயரைத் தந்தது கார்போவின் வலையமைப்பு. கார்போ பொய் என்று கண்டுபிடிப்பது அவரைப் பொறுத்தவரை தொழில்முறைத் தோல்வி மட்டும் அல்ல. ஜெர்மனிக்குத் திரும்ப அழைக்கப்படுவது, அதன் பின் என்ன ஆகும் என்பதே தெரியாமல் போவது. அவர் ஐயப்படாதது மடமையால் என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தான் அமர்ந்திருக்கும் மரக்கிளையை அறுக்க யார் கத்தி எடுப்பார்?

இதற்கு உள்ளேயிருந்தே ஒரு சாட்சி கிடைக்கிறது. லிஸ்பனில் இருந்த அப்வேர் அதிகாரி ஜோஹன் ஜெப்சன் 1943இல் இரகசியமாக பிரிட்டிஷ் பக்கம் சாய்ந்தார். பிரிட்டனில் இயங்கும் ஜெர்மன் ஒற்றர்கள் பற்றி அவர் சொல்லத் தொடங்கியதும் எம்.ஐ.5 கலங்கியது. அவர் பெயர் சொல்லும் ஒற்றர்களைக் கைதுசெய்யாமல் விட்டால், அவர்கள் லண்டனின் கையில் இருப்பவர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஒதுங்கி நின்று பார்க்கும் ஒருவர், அப்வேருக்குள்ளேயே, உண்மையை ஊகிக்கக்கூடிய இடத்தில் இருந்தார் என்பதை அந்தக் கலக்கம் காட்டுகிறது. 1944 வசந்தத்தில் ஜெப்சனை நாஜிகள் கடத்திச் சென்றார்கள். அவர் திரும்பி வரவில்லை. லண்டன் அஞ்சியதுபோல அவர் வாய் திறந்ததற்கான தடயம் ஏதும் பிந்தைய ஜெர்மன் நடவடிக்கைகளில் தென்படவில்லை.

1944 ஜூன் 6 அதிகாலை, தரையிறக்கம் தொடங்கும் சற்று முன்பாக, கார்போ ஓர் எச்சரிக்கையை அனுப்ப நேச நாட்டுத் தலைமைத் தளபதி ஐசன்ஹோவரின் ஒப்புதல் பெறப்பட்டிருந்தது. பயன்படுத்த நேரம் இல்லாத உண்மை அது. மாட்ரிட் நிலையம் அந்த நேரத்தில் கேட்கவே இல்லை. தன் உழைப்பை வீணாக்கியதற்காக கார்போ கடுங்கோபத்தோடு எழுதினார். மாட்ரிட் சமாதானம் சொல்லிப் புகழ்ந்தது. ஜூன் 9 முதல் மணிநேரங்களில் அவருடைய நீண்ட செய்தி சென்றது: நார்மண்டி ஒரு திசைதிருப்பல், பெரும் தாக்குதல் கலே கடற்கரையில் வரும், அமெரிக்கத் தளபதி பாட்டன் தலைமையிலான படை இன்னும் இங்கிலாந்திலேயே நிற்கிறது. அந்தப் படை காகிதத்திலும் போலி வயர்லெஸ் ஒலிகளிலும் மட்டுமே இருந்தது. நார்மண்டிக்குக் கிளம்பவிருந்த ஒரு கவசப் படைப்பிரிவு நிறுத்தப்பட்டது. ஜூலை இறுதியில், அவருக்கு இரும்புச் சிலுவை வழங்கப்பட்டதாக மாட்ரிட் தெரிவித்தது; ஆண்டிறுதியில் பிரிட்டிஷ் அரசும் எம்.பி.இ. விருது தந்தது.

ஒரே செய்திதான் போரை மாற்றியது என்ற கதையில் எனக்கு நம்பிக்கை இல்லை. கலேதான் இலக்கு என்று ஜெர்மன் தலைமை முன்பே நம்பியது. மிகக் குறுகிய கடல்வழி அதுவே. ஏமாற்றுத் திட்டத்தை வகுத்தவர்களில் ஒருவரான ரோஜர் ஹெஸ்கத், போருக்குப் பின் கைப்பற்றப்பட்ட ஆவணங்களையும் சிறையிலிருந்த தளபதிகளையும் துருவி, செய்தியின் பங்கை நிறுவப் பெரிதும் உழைத்தார். இருக்கும் நம்பிக்கையைத் தளரவிடாமல் காத்தது கார்போவின் பணி என்று சொன்னால் போதும். புதிய நம்பிக்கையை நடுவதைவிட அது எளிது.

சதி என்ற ஆறுதல்

இவ்வளவு பெரிய தவறு தவறாக இருக்க முடியாது என்ற எண்ணம் போருக்குப் பின் நெதர்லாந்தில் பரவியது. ஜெர்மானியர்களின் கவனத்தைத் திருப்ப லண்டன் தெரிந்தே தன் ஆட்களைப் பலியிட்டது என்று பலர் நம்பினார்கள். ஹாலந்தில் படையிறக்கம் வரும் என்று பெர்லினை நம்பவைக்க இந்த உயிர்கள் விலையாகக் கொடுக்கப்பட்டன என்பது வாதம். எஸ்.ஓ.இ. கோப்புகளில் கணிசமான பகுதி போருக்குப் பின் பேக்கர் தெருவில் ஏற்பட்ட தீயிலும், அலுவலகக் கழிவாகவும் அழிந்தது ஐயத்தை வளர்த்தது. டச்சு நாடாளுமன்ற விசாரணைக் குழு சாட்சிகளை அழைத்து விரிவாக ஆராய்ந்து, துரோகத்துக்குச் சான்று இல்லை, பிழைகளே காரணம் என்று முடிவுசெய்தது. டச்சுப் போர் வரலாற்றை எழுதிய லூ டி யோங்கும், எஸ்.ஓ.இ.யின் வரலாற்றாசிரியர் எம்.ஆர்.டி. ஃபுட்டும் அதே முடிவுக்கு வந்தார்கள்.

இதன் ஜெர்மன் வடிவமும் உண்டு. கனாரிஸ் ஹிட்லரை எதிர்த்தவர். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க்கில் தூக்கிலிடப்பட்டவர். நேச நாடுகளின் படை எண்ணிக்கையை மிகைப்படுத்திய ஆய்வுப் பிரிவுத் தலைவர் அலெக்சிஸ் ஃபான் ரோனவும் ஹிட்லரைக் கொல்ல முயன்ற ஜூலைச் சதியை ஒட்டி 1944 அக்டோபரில் கொல்லப்பட்டார். ஆகவே அப்வேர் வேண்டுமென்றே ஏமாந்தது என்கிறார்கள் சிலர். ரோன எண்ணிக்கையை ஊதியது உண்மை. மேலிடம் எப்போதும் பாதியாகக் குறைப்பதால் முன்கூட்டியே இரட்டிப்பாக்கினார் என்ற விளக்கமும் அதே அளவு பொருந்துகிறது. க்யூலன்தால் போன்ற இடைநிலை அதிகாரிகளின் நம்பிக்கையை விளக்க எதிர்ப்பு அரசியல் தேவையே இல்லை.

சதிக் கோட்பாடு கொடூரமானதுதான். ஆனாலும் உயிரிழந்தவர்களின் சாவுக்கு ஏதோ ஒரு நோக்கம் இருந்தது என்று அது சொல்கிறது. சான்றுகள் காட்டுவது நோக்கமற்ற சாவு. அதை ஏற்பது கடினம் என்பதாலேயே அந்தக் கோட்பாடு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தோன்றுகிறது.

சரிபார்க்கும் கண்

அப்படியானால் எம்.ஐ.5 மட்டும் ஏன் இந்தக் குழியில் விழவில்லை? அதன் அதிகாரிகள் கூரியவர்கள் என்பது பாதி விடை. மறுபாதி, எதிரியின் செய்திகளைப் படித்த பிரிட்டிஷ் சங்கேத வல்லுநர்கள். 1940 டிசம்பரில் ஆலிவர் ஸ்ட்ரேச்சியின் குழு அப்வேரின் கைச்சங்கேதத்தை உடைத்தது. 1941 டிசம்பரில் டில்லி நாக்ஸின் குழு அதன் எனிக்மா சங்கேதத்தை உடைத்தது. கார்போவின் செய்தி மாட்ரிட்டிலிருந்து பெர்லினுக்குப் போகும்போது என்ன மதிப்புரையோடு போனது என்பதை லண்டன் படித்தது. ஒற்றனை நடத்துபவரின் நம்பிக்கையைச் சாராத, எதிராளியின் மனத்தை நேரடியாகக் காட்டும் கண் அது. நெதர்லாந்தில் அப்படி ஒரு கண் லண்டனுக்கு வாய்க்கவில்லை. கிஸ்கஸின் அலுவலகத்துக்கும் பெர்லினுக்கும் இடையே தரைவழிக் கம்பிகள் இருந்தன. வானில் பிடிப்பதற்குச் செய்தி குறைவு.

திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் இதற்கு ஒரு மருந்து சொல்கிறது: ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்துப்போனால் நம்பு. பெர்லின் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தது. கார்போ சொன்னதை வேறு ஒற்றர்கள் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், எல்லாம் ஒத்துப்போயின. ஆனால் அந்த ஒற்றர்கள் அனைவரும் லண்டனில் ஒரே குழுவின் கீழ் இருந்தார்கள். ஒத்துப்போனதே ஒரு கையெழுத்துதான். நெதர்லாந்திலும் கிஸ்கஸ் பத்துக்கும் மேற்பட்ட வயர்லெஸ் இணைப்புகளை ஒரே நேரத்தில் நடத்தினார். ஒன்று மற்றொன்றை உறுதிசெய்தது. சாட்சிகளின் எண்ணிக்கையைவிட அவர்கள் ஒருவரையொருவர் சாராதிருப்பதே முக்கியம். அதை ஒற்றர்களை நடத்தும் அலுவலகத்துக்குள் இருந்துகொண்டு அளக்க முடியாது.

இந்தியாவிலும் இதன் சாயல் உண்டு. 1941இல் சுபாஷ் சந்திர போஸ் காபூலுக்குத் தப்பிச் செல்ல உதவிய பகத் ராம் தல்வார், பின்னர் ஜெர்மானியர்களின் நம்பிக்கைக்குரிய ஒற்றனாகவும், பிரிட்டிஷாரின் சில்வர் என்ற ஆளாகவும் இருந்தார். டெல்லியிலிருந்து பீட்டர் ஃபிளெமிங்கின் ஏமாற்றுப் பிரிவு அவர் பெயரில் அனுப்பிய செய்திகளைப் பெர்லின் மதித்து வாங்கியது. காபூலிலிருந்த ஜெர்மன் தூதரகத்துக்கு அவர்தான் இந்தியாவின் சன்னல். சன்னல் ஒன்றே இருக்கும் வீட்டில் அதை மூட யாரும் முன்வருவதில்லை.

பொறுப்பு

அமைப்பின் மேல் பழியைப் போட்டால் ஆட்கள் தப்பிவிடுவார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானது. க்யூலன்தாலின் அச்சத்தை விளக்குவது அவரை மன்னிப்பதற்கு அல்ல; அவர் சேவை செய்தது எந்த ஆட்சிக்கு என்பதை மறக்கவும் கூடாது. லண்டன் விஷயத்தில் ஆட்சேபம் இன்னும் கூர்மையாகிறது. டச்சுப் பிரிவில் சார்ல்ஸ் பிளிசார்டும் அவருக்குப் பின் சீமோர் பிங்ஹமும் ஐயங்களை ஒதுக்கினார்கள். ஆனால் தன் பிரிவின் ஆட்கள் உண்மையானவர்களா என்று தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை அவர்களிடமே விட்டுவைத்தது எஸ்.ஓ.இ.யின் தலைமை. எம்.ஐ.6 என்ற போட்டி அமைப்பு ஒவ்வொரு தோல்விக்காகவும் காத்திருந்த சூழலில், ஒரு வலையமைப்பு முழுவதும் போய்விட்டது என்று ஒப்புக்கொள்வது எஸ்.ஓ.இ.யின் இருப்பையே கேள்விக்குள்ளாக்கும் என்பது தலைமைக்குத் தெரியும். சங்கேதத் துறையின் ஐயங்கள் மேலே போனதாக மார்க்ஸ் எழுதுகிறார். அவற்றை டச்சுப் பிரிவுக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கொடுத்து, விமானங்களை நிறுத்திவைத்து, தீர்ப்புக் கேட்டிருக்க முடியும். அதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படவில்லை. என் தீர்ப்பில், முதன்மைப் பொறுப்பு அந்தத் தலைமையுடையது.

லௌவர்ஸின் பாதுகாப்பு அடையாளம் இல்லாத முதல் செய்தி 1942 மார்ச்சில் லண்டனுக்கு வந்தது. பின்னாளில் ஹாரனிலிருந்து தப்பிய பீட்டர் டூர்லைன் நெதர்லாந்தில் இறக்கப்பட்டு, வரவேற்பாளர்களாக வேடமிட்டவர்களிடம் பிடிபட்டது 1943 மார்ச்சில்.